பருந்தின் வழக்கு

ஐப்பசியும் கார்த்திகையும் பெய்த மழையால் நாஞ்சில் நாட்டுக் குளங்கள் கரை தொட்டு நிற்கும் காலத்தில், தேரூர்க் குளத்துத் தாமரையிலைகளின் மேல் இலைக்கோழிகள் நடைபயில, கரையோரத்து வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக இறங்கி நிற்க, அக்கூட்டங்கள் எதனோடும் சேராமல் பட்டுப்போன மரத்தின் உச்சியிலோ மின்கம்பத்தின் மேலோ தன்னந்தனியே அமர்ந்திருக்கும் ஒரு வேட்டைப் பறவையைப் பறவைகளை நேசிப்போர் அறிவர். முதுகு கரும்பழுப்பு, வயிறு தூய வெண்மை, கண்ணின் குறுக்கே பிடரி வரை ஓடும் ஒரு கரிய பட்டை. விராலடிப்பான் என்று தமிழில் அதற்குப் பெயர். நீர்ப்பரப்பின் மேலே வட்டமிட்டு, ஒரு கணம் காற்றிலேயே நின்று சிறகடித்து, பிறகு கால்களை முன்னே நீட்டிக்கொண்டு தலைகுப்புற விழுந்து, முழு உடலும் நீரில் அமிழ்ந்து எழும்போது அதன் நகங்களுக்கிடையே ஒரு மீன் துடித்துக்கொண்டிருக்கும். அந்த மீனைத் தலை முன்னும் வால் பின்னுமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அது பறந்துபோகும்.

இப்பறவை உண்பது மீன் ஒன்றே, கனியுமில்லை, தானியமுமில்லை. இஷ்டப்பட்ட திசையில் திருப்பிக்கொள்ளக்கூடிய புறவிரலும், வழுக்கும் உடலை நழுவவிடாதபடி உள்ளங்காலில் முள்முள்ளாய் எழுந்திருக்கும் செதில்களும், நீரில் மூழ்கும்போது மூடிக்கொள்ளும் நாசித் துவாரங்களும் ஒரே ஒரு காரியத்துக்காக அமைந்தவை. அந்தக் காரியம் கொலை. ஓருயிரைக் கொன்றாலன்றி மற்றோர் உயிர் ஒரு நாளும் வாழ முடியாதபடி ஒரு ஜீவனை இவ்வளவு நுட்பமாகச் சமைத்து வைத்த சிருஷ்டியில், கருணை என்று நாம் சொல்வது எதைக் குறிக்கிறது என்ற கேள்வி, அந்தக் குளக்கரையில் நின்று பார்க்கும் எவருக்கும் எழாமல் இராது. எனக்கு அது வெகுகாலமாக எழுந்துகொண்டிருக்கிறது. அக்கேள்விக்கு நம் முன்னோர் கூறிய விடைகளை நான் மதித்தே வந்திருக்கிறேன். ஆயினும் இப்பறவையின் ஒரு பருவகாலத்து வாழ்க்கையை ஆதியோடந்தமாகப் பின்தொடர்ந்த பிறகுதான், அவ்விடைகளுள் எது எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்லும் என்பது எனக்குச் சற்றே விளங்கலாயிற்று.

விராலடிப்பான் நம் மாவட்டத்தில் கூடு கட்டுவதில்லை. பங்குனி வெயில் ஏறுவதற்குள் அது வடக்கே போய்விடும். தேரூரிலும் சுசீந்திரத்திலும், பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடிக் காயலிலும் நாம் காண்பது அதன் வாழ்வின் பாதியே. சம்சாரம் அங்கே, துறவு இங்கே என்று சொல்லத்தக்க விதமாக அதன் ஆண்டு பிளவுபட்டிருக்கிறது. குடும்ப வாழ்வைக் காண வேண்டுமானால் ஐரோப்பாவின் வட பகுதிகளுக்கும் ஆசியாவின் வட பகுதிகளுக்குமே மனத்தைச் செலுத்த வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டில் லோக் கார்ட்டன் என்னும் ஏரிக்கரையில் 1950களிலிருந்து இப்பறவையின் கூட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தும் கவனித்தும் வருகிறார்கள். இப்போது இத்தகைய கூடுகள் பலவற்றின் அருகே கருவிகள் பொருத்தி, முட்டையிடுவது முதல் குஞ்சு பறப்பது வரை யாரும் எங்கிருந்தும் காணும்படி செய்திருக்கிறார்கள். நாகர்கோவிலில் ஓர் அறையில் அமர்ந்தபடியே அந்த வடநாட்டுக் கூட்டின் உள்ளே பார்க்க முடிகிறது என்பது, நம் பாட்டன்மாருக்குச் சொன்னால் சித்தர் கதை என்றே நினைத்திருப்பார்கள்.

அங்கே ஏரிப் பனி உருகும் காலத்தில் ஆண் ஒரு வழியாகவும் பெண் ஒரு வழியாகவும் வந்து சேர்கின்றன. குளிர்காலம் முழுவதும் அவை ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஒன்று இருந்த இடம் மற்றொன்றுக்குத் தெரியாது. ஆயினும் அதே மரம், அதே கூடு. போன ஆண்டுச் சுள்ளிகளின் மேல் இந்த ஆண்டுச் சுள்ளிகள் ஏறி, ஓர் ஆள் கைவிரித்த அகலத்துக்குக் கூடு வளர்ந்துகொண்டே போகிறது. ஆண்பறவை ஒரு மீனைக் கால்களில் பற்றியபடி வான்வெளியில் மேலேறியும் தாழ்ந்தும் கூவிக்கொண்டே ஆடிக் காட்டுகிறது. பிறகு இரண்டோ மூன்றோ முட்டைகள். வெளிறிய நிறத்தின் மேல் செம்பழுப்புத் திட்டுகள் படிந்தவை. ஏறக்குறைய 37 நாள் அடைகாக்கும் காலத்தில் பெரும்பகுதி தாய் கூட்டைவிட்டு அகலாள். தந்தை மீன் கொணர்ந்து கொடுத்துவிட்டு, அவள் கிளையொன்றில் அமர்ந்து உண்ணும் சிறுபொழுது மட்டும் தானே முட்டைகளின் மேல் அமர்கிறது. தான் பிடிக்கும் மீனின் தலையைத் தான் தின்று, மிச்ச உடலைக் குடும்பத்துக்குக் கொடுப்பது அதன் வழக்கம்.

குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சில நாள் இடைவெளியில் வெளிவருகின்றன. அப்போது தாய்ப்பறவை செய்கிற காரியத்தை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். செதிலும் முள்ளும் நிறைந்த ஒரு மீனைக் கிழிக்க வல்ல அதே வளைந்த அலகு, அம்மீனிலிருந்து நகக்கண் அளவே உள்ள ஒரு துணுக்கை எடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பார்வையும் தெளியாமல் கழுத்தும் நிற்காமல் ஆடுகிற ஒரு சிசுவின் வாய்க்குள், அதன் தோலில் ஒரு கீறலும் படாதபடி, வைத்துவிட்டு மீள்கிறது. மறுபடியும் கிழிக்கிறது, மறுபடியும் வைக்கிறது. மழை வந்தால் சிறகை விரித்துக் கூடாரமாகப் பிடித்துக்கொண்டு தான் நனைகிறது. வாத்ஸல்யம் என்னும் சொல்லை இதற்கு வழங்கக் கூடாதென்று தடுப்பவர், மனிதத் தாய்க்கு மட்டும் அதை ஏன் வழங்குகிறோம் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியவராவர்.

இந்த இடத்தில் சிபிச் சக்கரவர்த்தியின் கதை எனக்கு நினைவு வருகிறது. சோழர் தம்மைச் செம்பியர் என்று அழைத்துக்கொண்டு அவன் வழியில் வந்தவராகப் பெருமை கொண்டதும், சங்கப் புலவர் அப்பெருமையைப் பாடியதும் தமிழர் நன்கறிந்தவை. பருந்துக்கு அஞ்சி வந்து மடியில் விழுந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் இட்டான் மன்னன் என்பது வரையில் நாம் சொல்வோம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். ஆனால் இடையே பருந்து பேசிய பேச்சை நாம் விட்டுவிடுகிறோம். மகாபாரதத்தின் வனபர்வத்தில் இக்கதை இருமுறை வருகிறது. ஒருமுறை உசீநரன் பெயராலும், மறுமுறை அவன் மகன் சிபியின் பெயராலும். உசீநரன் சபையில் வந்து நிற்கும் பருந்து வெறுங்கையோடு வரவில்லை, வழக்கோடு வருகிறது. என் உணவை நீ தடுத்தால் நான் மடிவேன், நான் மடிந்தால் என் மனைவியும் மக்களும் மடிவார்கள், ஓருயிரைக் காப்பதற்காகப் பல உயிரை நீ அழிக்கிறாய், ஒரு தர்மத்தைக் கெடுக்கிற தர்மம் தர்மமே ஆகாது என்ற கருத்துப்பட அது வாதிக்கிறது. கதைக்குள் அந்தப் பருந்து இந்திரனே என்பதால் அது வேஷத்தின் பேச்சு என்று கடந்துபோக நமக்கு வசதியாயிருக்கிறது. ஆனால் வேஷத்திலிருந்தவன் சொன்னது உண்மையான பருந்தின் உண்மையான வழக்கு. அதற்கு மன்னன் மறுப்புரை கூறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கூட்டை ஒரு பருவம் முழுதும் பார்த்தவனுக்கு அவ்வழக்கின் பலம் தெரியும். மீன் அகப்படாத நாட்களும் உண்டு. காற்று அலைக்கழித்து ஏரி கலங்கியிருந்தால் தந்தை வெறுங்காலோடு திரும்பிவரும். அந்நாட்களில் கூட்டில் நடப்பது உள்ளத்தை வருத்துவது. முன்பு பொரிந்த மூத்த குஞ்சு வலிமையால் முந்திக்கொள்ளும். கடைசியாகப் பொரிந்தது பின்னே தள்ளப்படும். முன்னே நீளும் வாய்க்கே தாய் ஊட்டுகிறது. பின்னே கிடப்பதைத் தேடி எடுத்து ஊட்டுவதில்லை. இரண்டு மூன்று நாள் இப்படிக் கழிந்தால் கடைக்குஞ்சு அசைவற்றுப்போவதும் உண்டு. ஆகவே பறவையின் பாசத்தைத் தெய்வீகம் என்று ஏற்றிச் சொல்லி, அதன் மூலம் கொலைக்குப் புனிதம் கற்பிக்க நான் முற்படவில்லை. ஏரியில் ஒரு மீன் தப்பினால் கூட்டில் ஒரு குஞ்சு பட்டினி என்பதே அங்குள்ள கணக்கு. தப்பிய மீனுக்காக மகிழ்பவன் எந்தக் குஞ்சின் பட்டினிக்கு மகிழ்கிறான் என்பதை அறிந்தே மகிழ வேண்டும்.

இத்தனைக்கும், தேரூர்க் குளத்துக்கும் இக்கேள்விக்கும் ஓர் உறவுண்டு. 1876ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, எட்வின் ஆர்னால்டு 1879இல் ஆங்கிலத்தில் இயற்றி வெளியிட்ட புத்தசரிதக் காவியத்தைத் தழுவி ‘ஆசிய ஜோதி’யைத் தமிழுக்கு அளித்தார். அந்த ஆங்கிலக் காவியத்தில், இளம் சித்தார்த்தன் உழவுக் காலத்து வயல்வெளியைப் பார்க்க அழைத்துச் செல்லப்படும் கட்டத்தில், எறும்பைப் பல்லி தின்பதையும், பல்லியைப் பாம்பு தின்பதையும், பருந்து அவ்விரண்டையும் தின்பதையும், மற்றொரு பிராணி பிடித்த மீனை மீன்கழுகு பறித்துக்கொள்வதையும் அவன் காண்கிறான். அசுவகோஷர் வடமொழியில் செய்த புத்தசரிதத்திலோ, கலப்பை கிழித்த மண்ணில் செத்துக் கிடக்கும் புழுக்களைக் கண்டு தன் உறவினரே மாண்டாற்போல் அவன் துயருறுகிறான். பின்பு நாவல் மரத்தடியில் தியானத்தில் அமர்கிறான். ஒரு சமயத்தின் பெருங்கருணை முழுவதும் அந்த ஒரு பிற்பகலில் முளைவிட்டது என்று சொல்லலாம். ஆயினும் அரசகுமாரன் அன்று கண்டது பறிப்பை மட்டுமே. அந்த மீன் எங்கே போயிற்று, எந்தக் கூட்டை எட்டிற்று, எந்த வாயில் எத்தனை துணுக்குகளாக இறங்கிற்று என்று பின்தொடர்ந்து பார்க்க ஒரு பிற்பகல் போதாது. துக்கத்தைக் காண ஒரு கணம் போதும். அத்துக்கம் யாருக்கு உணவாயிற்று என்று காண ஒரு பருவகாலம் வேண்டும். புத்தர்பிரான் கண்ட மெய்ம்மையைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதோடு சேர்த்து இதையும் காண வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.

மீனின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. நம் குளங்களில் வாழும் விரால் மீனை உழவர் யாவரும் அறிவர். மழைக்காலத்தில் அது குஞ்சு பொரித்தால், செந்நிறக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் ஒரே திரளாக நீர்ப்பரப்பில் மிதந்து வர, அத்திரளின் அடியில் தாயும் தந்தையும் காவலாக நீந்திவரும். அருகே வருவது தவளையானாலும் பாம்பானாலும் பாய்ந்து தாக்கும். அந்தக் காவலே அதற்கு எமனாவதும் உண்டு. குஞ்சுத் திரளைக் கண்டு அடியில் பெரிய மீன் இருக்கிறதென்றறிந்து தூண்டில் போடுவோர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். விராலடிப்பான் விழும் நீரிலும் இப்படி ஒரு காவல் நடந்துகொண்டிருக்கலாம். அப்போது கூட்டுக்கும் கூட்டுக்கும் இடையே, குழந்தைக்கும் குழந்தைக்கும் இடையே அல்லவா வழக்கு நடக்கிறது!

இந்த மறுபக்கத்தை மறவாத ஒரு நாடகம் வடமொழியில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷ சக்கரவர்த்தி பெயரால் வழங்கும் நாகானந்தத்தில், நாள்தோறும் ஒரு நாகத்தை உண்ணும் கருடனுக்கு அன்று இரையாக வேண்டிய சங்கசூடன் கொலைப்பாறைக்குப் புறப்படுகையில், அவன் தாய் உடன்வந்து கதறுகிறாள். அதைக் கேட்ட ஜீமூதவாகனன் என்னும் வித்யாதர இளவரசன், அவனுக்குப் பதிலாகத் தானே பாறை மேல் கிடந்து கருடனுக்குத் தன் உடலைக் கொடுக்கிறான். சிபியின் கதை, கொல்லுகிறதற்கும் மக்கள் உண்டு என்கிறது. நாகானந்தமோ, கொல்லப்படுகிறதற்கும் தாய் உண்டு என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவனே வழக்கை முழுதாகக் கேட்டவன். நாகராஜனுக்குக் கோயில் எடுத்து அப்பெயராலேயே ஊரையும் அழைத்துக்கொண்ட நாம், திருவட்டாற்று ஆதிகேசவன் ஆலயத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடவாதிருந்த குடமுழுக்கு 2022 ஜூலையில் நடந்தபோது, கருடன் வட்டமிடாதா என்று வானத்தை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பி நின்றவர்களும் ஆவோம். நாகத்தையும் வணங்குகிறோம், நாகத்தை உண்பதையும் வணங்குகிறோம். இதை முரண்பாடு என்று சொல்வாருண்டு. இரு தரப்பையும் கேட்டறிந்த ஒரு சமூகத்தின் மனப்பக்குவமாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

குளத்துக்கு அருகே சுசீந்திரத்தில் தாணுவும் மாலும் அயனும் ஒரே மூர்த்தியாக எழுந்தருளியிருக்கிறார்கள். படைத்தலையும் காத்தலையும் அழித்தலையும் மூன்று வேறு தொழிலாகப் பிரித்துப் பார்க்கும் கண்ணுக்குத்தான் பறவை ஒரு நேரம் தாயாகவும் ஒரு நேரம் கொலைகாரனாகவும் தெரிகிறது; மீன் நீரைவிட்டு எழும் அதே கணத்தில் மூன்றும் நடந்துவிடுகின்றன என்று அச்சந்நிதியில் நிற்கும் பக்தன் உணரக்கூடும். அவ்வுணர்ச்சி எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அது ஈசுவரனைப் பற்றிய விடை. என் கடமையைப் பற்றிய விடையன்று. உலகம் இப்படி இயங்குகிறதென்று தெரிந்துகொண்டதனாலேயே, நான் எப்படி நடக்க வேண்டுமென்பது தெரிந்துவிடாது. பருந்து கொல்கிறது, ஆகவே நானும் கொல்லலாம் என்று முடிப்பது தர்க்கமும் ஆகாது, தர்மமும் ஆகாது. பருந்துக்கு வேறு வழியில்லை. வழியில்லாமை என்ற அந்த ஒன்றே அதன் வழக்கின் உயிர். வேறு வழியுள்ளவன் அவ்வழக்கை இரவல் வாங்க முடியாது.

சமணர் இதில் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். மார்த்தாண்டத்துக்கு வடகிழக்கே சிதறால் மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் இன்றும் இருக்கின்றன. பிற்காலத்தில் பகவதி கோயிலான அம்மலைக்குத் திருச்சாரணத்துமலை என்று பழைய பெயர். வான்வழியே செல்லும் சாரண முனிவரைச் சமண புராணங்கள் அடிக்கடி பேசும். குணபத்திரர் இயற்றிய உத்தரபுராணத்தில், பிற்பிறவியில் மகாவீரராகப் பிறக்கவிருந்த ஒரு சிங்கம், மானொன்றை வேட்டையாடிய நிலையில் இரு சாரண முனிவரின் உபதேசம் கேட்டு, கொல்லா விரதம் பூண்டு, புலாலன்றி வேறு உணவில்லாத காரணத்தால் உண்ணாமலே உயிர் துறந்ததாக வருகிறது. விலங்குக்கும் அறம் கைகூடும் என்று கூறிய அந்த அச்சமற்ற சிந்தனைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும் சிதறால் பாறை மேல் நின்று, கீழே தோப்புகளின் மேல் செம்பருந்து மிதப்பதைப் பார்க்கும்போது ஓர் ஐயம் நெஞ்சில் எழாமலில்லை. சிங்கம் தன் உயிரை விட்டது. அதன் குட்டிகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. கூட்டில் மூன்று வாய் திறந்திருக்கையில் ஒரு விராலடிப்பான் இவ்விரதத்தை மேற்கொண்டால், அது துறவா, கைவிடுதலா? துறவி இல்லறத்தை விட்டு வரலாம் என்று பல சமயங்கள் இசைகின்றன. அடைகாக்கும் நாளில் விட்டு வரலாம் என்று எதுவும் சொல்லவில்லை.

மீண்டும் மன்னனிடம் வருகிறேன். பருந்தின் வழக்கைக் கேட்ட உசீநரன் உடனே தன் தசையைக் கொடுத்துவிடவில்லை. முதலில் அவன் எருதையும் பன்றியையும் மானையும் எருமையையும் கொடுக்க முன்வருகிறான். ஒரு புறாவைக் காக்க ஒரு மானைக் கொன்று தருவதாகச் சொன்ன அந்த வாக்கில் எவ்வளவு எளிதாக நம் எல்லோருடைய கருணையும் அடங்கிவிடுகிறது! மடிக்கு வந்த ஒன்றைக் காப்பாற்றி, மடிக்கு வராத ஒன்றைக் கொடுத்துவிடுவது. செலவு பிறருடையது, புண்ணியம் நம்முடையது. பருந்து அதை மறுத்ததே அவனை ரக்ஷித்தது. உன் தசையைக் கொடு என்று அது கேட்ட பிறகுதான் அவனுடைய அறம் உண்மையான அறமாயிற்று. வடலூர் வள்ளலார் தம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில், ஓருயிரைக் கொன்று அதன் புலாலால் மற்றோர் உயிரின் பசியை ஆற்றுவது ஜீவகாருண்யமே ஆகாது, கடவுள் சம்மதமும் ஆகாது என்று திட்டமாகக் கூறியிருப்பதை இதனோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம். புறாவின் வழக்கும் பருந்தின் வழக்கும் ஒருங்கே செல்லுபடியாகிற இடத்தில், தீர்ப்புச் சொல்வதற்கு மன்னனிடம் ஒன்றுமில்லை. கொடுப்பதற்கு மட்டும் ஏதோ இருக்கிறது. அது தன் பங்கு. கம்பன், வீடணன் அடைக்கலம் கேட்டு வந்து நின்ற கட்டத்தில் இராமன் வாயிலாக இந்தத் தராசில் ஏறிய மன்னனை நினைவுகூரச் செய்வதும் காரணமின்றி அன்று. உலகத்துப் புறாக்கள் எல்லாவற்றையும் எல்லாப் பருந்துகளிடமிருந்தும் காப்பதாக அம்மன்னன் புறப்படவில்லை. சரணென்று வந்த ஒன்றைக் கைவிட மறுத்தான், அவ்வளவுதான். அதற்கு விலையைப் பிறரிடம் வசூலிக்கவும் மறுத்தான்.

விராலடிப்பான் விஷயத்தில் மனிதன் முதலில் செய்தது இதற்கு நேர்மாறானது. முட்டைச் சேகரிப்பாளரும் வேட்டைப் பிரியரும் சேர்ந்து 1916க்குள் பிரிட்டனில் அதன் கூடுகளே இல்லாமற் செய்துவிட்டார்கள். 1954இல் ஒரு ஜோடி தானாகவே லோக் கார்ட்டனுக்குத் திரும்பி வந்தது. இரவும் பகலும் காவல் வைத்துங்கூட 1958இல் ஒரு திருடன் இருளில் மரமேறி முட்டைகளைக் கவர்ந்துவிட்டான். மறு ஆண்டு பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் கூட்டை மறைப்பதை விட்டு, பொதுமக்களையே வரவழைத்துத் தூரத்திலிருந்து காட்டினார்கள். ஊரார் கண்ணே காவலாயிற்று. இன்று அந்நாட்டில் இருநூற்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் கூடு கட்டுகின்றன. இடையே டிடிடி என்னும் பூச்சிமருந்து வயல்களிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் ஏறி, முட்டையோடுகளை மெலியச் செய்து, அடைகாக்க அமர்ந்த தாயின் பாரத்தாலேயே முட்டை நொறுங்கும் நிலையை உண்டாக்கிற்று. அமெரிக்காவில் அதன் கேடு மிகவும் கடுமையாயிருந்தது. 1972இல் அங்கே அம்மருந்தைத் தடைசெய்த பின்னரே கூடுகள் மெல்லத் தழைத்தன. பறவையின் கொலையில் வழக்கு இருந்தது. மனிதனின் இக்கொலையில் வழக்கே இல்லை. அவன் அதை உண்ணவும் இல்லை.

கூட்டில் குஞ்சுகள் ஏழு எட்டு வாரத்தில் பறக்கக் கற்றபின், முதலில் தாய் தெற்கே புறப்பட்டுவிடுகிறது. தந்தை மேலும் சில நாள் இருந்து மீன் கொணர்ந்து தருகிறது. பிறகு குஞ்சுகளும் வழிகாட்ட யாருமின்றி, முன்பு பார்த்திராத நாடுகளை நோக்கித் தனித்தனியே பறக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி மீண்டு வருவதில்லை. அப்படி எங்கிருந்தோ தப்பிப் பிழைத்து வரும் ஒன்று நம் குளத்தில் வந்து அமர்வதை அடைக்கலம் என்று சொல்லாமல் வேறென்னவென்று சொல்வது? சுசீந்திரமும் தேரூரும் சேர்ந்த சுமார் 94 ஹெக்டேர் நீர்நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது நல்ல காரியம். ஆனால் பட்டியலில் இடம் கொடுப்பது எருதையும் மானையும் கொடுப்பது போல எளிது. குளத்தைத் தூர்த்து மனை போடாமலிருப்பது, வயலில் தெளிக்கும் விஷத்தைக் குறைப்பது, கடைமடைக்குத் தண்ணீர் திறந்த பிறகும் குளத்தில் கொஞ்சம் நீரை விட்டுவைப்பது ஆகிய இவையெல்லாம் யாரோ ஒருவருடைய தசையிலிருந்து அரியப்பட வேண்டியவை. அந்த ஒருவர் பெரும்பாலும் ஏழை உழவராகவே இருக்கிறார் என்பதை நகரத்திலிருந்து கருணை பேசுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

அப்படி அரிந்து கொடுத்தவர் எங்கே என்று கேட்பவர் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் அவ்வூர் வீடுகளின் கொல்லை மரங்களில், திண்ணைக்கு மேலேயே கூடு கட்டி வருகின்றன. மீன் நாற்றமும் எச்சமும் மாதக்கணக்கில் முற்றத்தில் விழுகின்றன, மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. மரத்திலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வந்து, தங்கள் கையால் மீன் ஊட்டி வளர்த்த தம்பதியரும் அவ்வூரில் உண்டு. வள்ளலாரின் கண்டிப்பான நெறிப்படி அவர்கள் செய்தது ஜீவகாருண்யம் ஆகாதென்று வாதிக்கலாம். ஓருயிரின் புலாலால்தானே இன்னோர் உயிரின் பசி ஆறியது! அந்த வாதத்தை என்னால் முற்றும் மறுக்க முடியவில்லை. கூடையில் செத்துக் கிடந்த மீனுக்கும் ஒரு வழக்கு இருந்தது. அதைக் கேட்பார் இல்லை. ஆயினும் வாசலில் விழுந்து வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் ஒரு குஞ்சின் முன்னால், தத்துவம் தீர்ந்த பிறகு ஊட்டலாமென்று அவர்கள் காத்திருக்கவில்லை. கூலிப் பணத்தில் மீன் வாங்கினார்கள், கிழித்தார்கள், அது விழுங்கும் அளவுக்குத் துணுக்குத் துணுக்காக ஊட்டினார்கள். அவர்கள் பக்கமே நான் நிற்கிறேன்.